தூரத்துக்கு ஒரு மரியாதை

"எப்ப கிளம்புச்சு?" என்றுதான் முதலில் கேட்பார். பஸ் வருமா என்று கேட்டாலும் சரி, மணியார்டர் வருமா என்று கேட்டாலும் சரி, மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்களாம், இலை போடச் சொல்லலாமா என்று கேட்டாலும் சரி. எப்போது கிளம்பியது, எவ்வளவு தூரம், என்ன வேகம். மூன்றும் தெரிந்தால் உள்ளங்கையில் விரலால் ஏதோ எழுதுவார். உதடு அசையும். பிறகு ஓர் எண் சொல்வார். அது அநேகமாக நாம் கேட்க விரும்பாத எண்ணாகத்தான் இருக்கும். மூன்றில் ஒன்று தெரியாவிட்டால் "கணக்குல வரல" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார்.

பெயரைச் சொல்லப்போவதில்லை. காரைக்கால் பக்கம் எங்கள் விழிதியூரில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. வாய்க்கால் மதகைத் திறந்து மூடுவதும், எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று நோட்டில் எழுதி ஆபீசுக்கு அனுப்புவதும் அவர் உத்தியோகம். அந்த வேலைக்காரரை லஸ்கர் என்பார்கள். அவரும் லஸ்கர்தான். எழுபதுகளின் நடுவில் எங்கள் ஊருக்கு மாற்றலாகி வந்தார். மதகை ஒட்டி ஒற்றை அறை ஓட்டுக் கட்டடம், ஒரு சைக்கிள், ஒரு ஸ்டவ், வேறு யாரும் இல்லை. பிரெஞ்சுக்காரர் காலத்துப் பள்ளியில் பிரெவே என்கிற பள்ளியிறுதிப் பரீட்சை வரை படித்தவர் என்று சொல்வார்கள். எண்ணும்போது மட்டும் அந்தப் படிப்பு வெளியே வரும். "அன், தெ, த்ருவா" என்று ஒன்று, இரண்டு, மூன்றைப் பிரெஞ்சில் முணுமுணுப்பார். யாராவது மைல் என்றால் அதைக் கிலோமீட்டராக்கித் திருப்பிச் சொல்லாமல் இருக்கமாட்டார்.

அந்த மனிதர் வாயிலிருந்து எண் இல்லாமல் ஒரே ஒரு வார்த்தை வந்தது. அதை நம்பித்தான் என் அண்ணன் வயலை விட்டுப் போகும்படி ஆனது. அந்த வார்த்தையை அவர் வாயில் போட்டது நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொல்லலாம் என்று வைத்தால் எனக்குத் தைரியம் போய்விடும், என்னை எனக்குத் தெரியும்.

எங்கள் பக்கம் கடைமடை. காவிரி கிளைத்துக் கிளைத்து, சுரக்குடி, குரும்பகரம் என்று எல்லா ஊருக்கும் வாய்க்காலாகப் பிரிந்து, மிச்சம் இருந்தால் கடலில் விழுகிற இடம். ஆனால் ஆசைக்குக் குறைச்சல் இல்லை. மேட்டூர் திறந்தாயிற்று என்று ரேடியோவில் சொன்ன சாயங்காலமே எங்கள் ஊர் ஆம்பிளைகள் வாய்க்கால் கரைக்குப் போய் நின்று மேற்கே பார்ப்பார்கள். ரேடியோவில் திறந்தால் வாய்க்காலில் வந்துவிட்ட மாதிரி. சிரிப்பாக இருக்கும். என் அண்ணனும் அந்தக் கும்பலில் ஒருத்தன்தான்.

"லஸ்கர், மேட்டூர் திறந்தாச்சாமே" என்பான்.

"கல்லணைக்கு வரவே மூணு நாளுங்க. அதுக்குக் கிழக்க காஞ்சு கிடக்கற ஆறு. மண்ணு முதல்ல குடிக்கும். மண்ணு குடிச்ச மிச்சம்தான் நமக்கு."

"அதான் எப்ப?"

உள்ளங்கையில் எழுதுவார். "பதினாலு நாள்" என்பார். பதினாலாம் நாள் வரும். ஒரு வருஷம் "இந்தத் தடவை குறுவைக்கு வராது, விதையைக் கட்டி வைங்க, ஐப்பசி மழைக்குத் தெளிக்கலாம்" என்றார். கேட்காதவர்கள் விதைத்தார்கள், காய்ந்தது. அவர் சொன்னது பலித்தால் பாராட்ட வேண்டியதுதானே? ஊர் அப்படி இல்லை. கருநாக்கு என்று பெயர் வைத்தார்கள். கல்யாணத்துக்குப் புறப்படும்போது அவர் எதிரே சைக்கிளில் வந்தால் பெண்கள் உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவார்கள். அவருக்கும் தெரியும். தூரத்தில் கல்யாணக் கும்பலைக் கண்டால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வரப்பில் இறங்கிவிடுவார்.

எனக்கு அவரைப் பிடித்திருந்தது. நான் ஊர்த் தபாலாபீசில் வேலையில் இருந்தேன். எந்தக் கடிதம் எந்தத் தேதியில் கிளம்பி எந்தத் தேதியில் வந்தது என்று முத்திரையைப் பார்ப்பது என் பிழைப்பு. நேற்றுப் போட்ட கடிதத்துக்கு இன்று பதில் கேட்டு வருகிறவர்களிடம் நானும் தினம் மல்லுக்கட்டியவள்தான்.

எண்பதுகளில் என் சம்பளத்தில் டிவி வாங்கினோம். தென்னை உயரத்துக்குக் கம்பம் நட்டு, ஆன்டெனாவைத் தெற்கே திருப்பி, பூஸ்டர் வைத்தால் சிலோன் டிவி தெரியும். காற்றடித்தால் புள்ளி புள்ளியாக விழும். அதில் வாரம் ஒருநாள் சாயங்காலம் ஓர் இங்கிலீஷ் தொடர். ஒரு கப்பல், அதில் ஒரு கேப்டன், வெள்ளைக்காரர்கள் பத்துப் பேர். நட்சத்திரக் கூட்டம் விட்டு நட்சத்திரக் கூட்டம் தாவிக்கொண்டே இருப்பார்கள். அண்ணன், அண்ணி, நான் மூவரும் உட்கார்ந்து பார்ப்போம். இங்கிலீஷ் எனக்குத்தான் கொஞ்சம் புரியும், மற்றவர்களுக்கு நான் சொல்வேன். ஒருநாள் அண்ணன் லஸ்கரையும் கூப்பிட்டான். பெஞ்சின் ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்தார்.

கேப்டன் பக்கத்து நட்சத்திரக் கூட்டத்துக்குக் கிளம்பினான். விளம்பரம் முடிவதற்குள் போய்ச் சேர்ந்தான்.

"எப்ப கிளம்புனான்?" என்றார் லஸ்கர்.

"இப்பதாங்க, பாத்தீங்கல்ல" என்றாள் அண்ணி.

அவர் முகம் சுருங்கியது. காரைக்கால் லைப்ரரியிலிருந்து வானசாஸ்திரப் புத்தகம் ஒன்றை அவர் திரும்பத் திரும்ப எடுத்துப் படித்துக்கொண்டிருந்தார் என்பது எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. "வெளிச்சம் ஒரு நொடிக்கு மூணு லட்சம் கிலோமீட்டர் போவுது. அந்த வெளிச்சமே இங்கேருந்து அந்தக் கூட்டத்துக்குப் போவ இருபது லட்சம் வருஷம் ஆவும். இவன் காப்பி ஆறறதுக்குள்ள போயிட்டான்."

"வெளிச்சத்தைவிட வேகமாப் போவுற கப்பல்னு சொல்றாங்க" என்றேன்.

"போவாதும்மா. ஒரு மதகுக்கு இவ்வளவுதான் கொள்ளும்னு இருக்குல்ல? அதுக்கு மேல எப்படித் திறந்தாலும் போவாது. வெளிச்சத்தோட வேகமும் அப்படித்தான். அதுக்கு மேல கிடையாது."

அடுத்த வாரம் எதிரிக் கப்பல் ஒன்று வெடித்தபோது சத்தம் எப்படிக் கேட்கும், நடுவில் காற்றே கிடையாதே என்றார். அதற்கடுத்த வாரம் ஜன்னலுக்கு வெளியே நட்சத்திரங்கள் சாலையோரப் புளியமரம் மாதிரி ஓடியதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "இரண்டு கூட்டத்துக்கும் நடுவுல ஒண்ணுமே இல்லம்மா. ஒரு ஊரு இல்ல, ஒரு மதகு இல்ல. நின்னு ஒரு வாய் தண்ணி குடிக்க இடம் கிடையாது. இவனுங்க தூரத்துக்கு ஒரு மரியாதை குடுக்க மாட்டேங்கறானுங்க."

தூரத்துக்கு ஒரு மரியாதை. இதை எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று கணக்கில்லை. அண்ணன் அவரைச் சீண்டுவதற்கென்றே "இன்னைக்கு எங்க போறானாம் கேப்டன், கும்மோணமா?" என்பான். அவர் சிரிக்கமாட்டார், ஆனால் வாரம் தவறாமல் வருவார்.

"பொய்னு தெரிஞ்சும் ஏன் வர்றீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஒரு வாரமாவது சரியா சொல்லிடுவாங்களான்னு பாக்கறேன்" என்றார். பிறகு, "போவ முடிஞ்சா நல்லாத்தான் இருக்கும்" என்றார். கப்பல் கிளம்பும்போதெல்லாம் அவர் முழங்காலில் கையூன்றி முன்னால் சாய்வதை நான் பார்த்திருக்கிறேன்.

அந்தத் தொடரில் ஒரு வாரம் மறக்க முடியாதது. வேறு நட்சத்திரக் கூட்டத்தில் ஏதோ ஒரு கிரகம். அதன் தண்ணீர் வற்றிப்போய் ஜனங்கள் சாகிறார்கள். காப்பாற்றுங்கள் என்று சேதி அனுப்புகிறார்கள். கேப்டனுக்குச் சேதி கிடைக்கிறது, கப்பலைத் திருப்புகிறான், போய்க் காப்பாற்றுகிறான். அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. தண்ணீர் என்றால் அவனுக்கு அப்படித்தான். லஸ்கர் எழுந்து நின்றார்.

"சேதி கிளம்பி இருபது லட்சம் வருஷம் ஆச்சு. இங்க இவன் காதுல விழறப்ப அங்க யாரு இருப்பா? யாரைக் காப்பாத்தப் போறான்?"

"கதைதானே லஸ்கர்" என்றான் அண்ணன்.

"அதுல இன்னொண்ணு இருக்குங்க. அவ்வளவு வேகமாப் போனா போறவனோட கடிகாரம் மெதுவா ஓடும்னு புஸ்தகத்துல போட்டிருக்கு. இவன் இதே வயசுல போயி இறங்கினாலும் இறங்கலாம். காத்திட்டிருக்கறவனோட கடிகாரம் அதுபாட்டுக்கு ஓடிடும்."

"போறவங்களுக்கு அது தெரியாதா?" என்றாள் அண்ணி.

"தெரியாதும்மா. மேட்டூர்ல ஷட்டரைத் தூக்கறவருக்கு இங்க எத்தனை நாளாச்சுன்னு தெரியுமா?"

டிவியில் அந்த ஊர் ஜனங்கள் கேப்டனைக் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தார்கள்.

பிறகு அந்த வருஷம் வந்தது. அதற்கு முந்திய இரண்டு வருஷமும் விளைச்சல் இல்லை. எங்களுக்கு இருந்தது ஒரு வேலி நிலமும், பத்தாயத்தில் அண்ணன் பொத்திப் பொத்தி வைத்திருந்த விதைநெல்லும். அது ஒரு விதைப்புக்குத்தான் வரும். குறுவைக்குத் தெளித்துக் காய்ந்துவிட்டால் ஐப்பசி மழைக்குத் தெளிக்க ஒரு மணி இருக்காது. அண்ணனுக்கு அது ராப்பகலாக மண்டையைக் குடைந்தது. வயலில் போய் உட்கார்ந்துவிடுவான். சோறு போட்டால் பிசைந்துவிட்டு எழுந்துவிடுவான். "எல்லாத்தையும் விட்டுட்டு எங்கயாவது போயிடலாம்டி" என்று அண்ணியிடம் சொன்னானாம். அவள் என்னிடம் வந்து அழுதாள். எங்கயாவது என்றால் எங்கே?

ஆடி பிறந்து மேட்டூர் திறந்தார்கள். ஆற்றிலேயே தண்ணீர் கம்மி, ஒவ்வோர் ஆற்றுக்கும் முறை வைத்துத்தான் விடுவார்கள் என்று பேச்சு. அன்று காலையில் லஸ்கருக்கு வந்த ஆபீஸ் கவரை நானே எடுத்துக்கொண்டு மதகுக்குப் போனேன்.

"அண்ணன் சாயங்காலம் வந்து கேப்பாங்க. வரும்னு சொல்லுங்க" என்றேன்.

"கணக்குப் போட்டுட்டேம்மா. அது வந்து..."

"கணக்கு கிடக்கட்டுங்க. மனுஷன் சோறு தின்னு மூணு நாளாச்சு. உங்க வாயால ஒரு தடவை, ஒரே ஒரு தடவை வரும்னு சொன்னா நாக்கு வெந்தா போயிடும்?"

அவர் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வரும்தாம்மா. எப்பங்கறதுதான்."

"அந்த எப்பவை விட்டுட்டுச் சொல்லுங்க."

அண்ணன் சாப்பிட வேண்டும் என்பதுதான் அப்போது என் கவலை. விதைத்துவிடுவான் என்று நினைக்கவில்லை என்று சொன்னால் அது பொய். நினைத்தேன். நினைத்ததை ஒதுக்கிவிட்டு வந்தேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். டிவியைக்கூடப் போடவில்லை. அண்ணன் நேராகக் கேட்டான், "வருமா லஸ்கர்?"

"வரும்" என்றார்.

உள்ளங்கையில் எழுதவில்லை. எண் சொல்லவில்லை. பத்து வருஷமாக அவர் எண் சொல்லிக் கேட்டுப் பழகியவன் என் அண்ணன். அன்றைக்கு எண் வராததை அவன் கவனிக்கவில்லை, அந்த வாயிலிருந்து வரும் என்ற சொல்லைக் கேட்டதே அவனுக்குப் போதுமாக இருந்தது. நான் கவனித்தேன். வாயை மூடிக்கொண்டு நின்றேன். அண்ணன் அன்று மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டான். அண்ணி என்னைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் பத்தாயம் திறந்தான். புழுதி உழவில் தெளித்தான். லஸ்கரே வரும் என்று சொல்லிவிட்டார் என்று கேள்விப்பட்டு எங்கள் தெருவில் இன்னும் ஏழு வீட்டுக்காரர்கள் தெளித்தார்கள். இரண்டு நாளில் ஒரு மழை பெய்தது. முளை வந்தது. பச்சைப் பசேலென்று நாலு விரல் உயரம். அண்ணன் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வரப்பில் நடந்ததை நான் தபாலாபீஸ் ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

லஸ்கர் தினம் விடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கரையோடு மேற்கே போவார். வெயில் ஏறத் திரும்பி வருவார். தபாலாபீஸ் ஜன்னலில் ஒரு நிமிஷம் நிற்பார். "தண்ணியோட தலை இன்னும் முப்பத்தொம்பது கிலோமீட்டர்லதான் இருக்கு" என்பார். நாலு நாள் கழித்து, "முப்பத்தொண்ணு." ஒரு வாரம் கழித்து, "நிறுத்திட்டாங்க. முறை மாறி வேற ஆத்துக்கு விட்டிருக்காங்க. அதே இடத்துலதான் நிக்குது." என்னிடம் மட்டும்தான் சொன்னார். என்னோடு பேசிவிட்டு முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு போய்விடுவார். நான் முத்திரை குத்திக்கொண்டே இருப்பேன். வேறு என்ன செய்ய.

இருபதாம் நாள் பயிர் சுருண்டது. குளத்தில் சேறுதான் இருந்தது, அதையும் குடத்தில் அள்ளிக் கொண்டுபோய் ஊற்றினோம். ஒரு வேலி நிலத்துக்குக் குடத்தில் தண்ணீர். முப்பதாம் நாள் அண்ணன் மாட்டை அவிழ்த்து வயலில் விட்டான். அது நின்று மேய்ந்ததை எங்கள் வீட்டில் யாரும் பார்க்கப் போகவில்லை.

தெருக்காரர்கள் ஏழு பேரும் மதகுக்குப் போனார்கள். நான் தபால் பையோடு அந்த வழியாக வந்தேன். ஒருவர் லஸ்கரின் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நீதானய்யா வரும்னு சொன்ன?"

"சொன்னேன்."

"எதை வச்சுச் சொன்ன? கணக்கு, கணக்குன்னு உயிரை வாங்குவியே. எங்கய்யா உன் கணக்கு?"

யாரோ சைக்கிளைத் தூக்கி வறண்ட வாய்க்காலில் போட்டார்கள். ஒரு அறையும் விழுந்தது. நான் பத்தடி தள்ளி நின்றேன். அவர் என்னை ஒரு தடவையாவது பார்த்திருந்தால் நான் வாய் திறந்திருப்பேன் என்று பிற்பாடு எனக்கு நானே சொல்லிக்கொண்டதுண்டு. அவர் பார்க்கவில்லை. வேண்டுமென்றே பார்க்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

அண்ணன் அந்தக் கும்பலில் இல்லை. வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "ஊர்ல வேற எவன் சொல்லியிருந்தாலும் நான் விதைச்சிருக்க மாட்டேன்" என்றான். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் டிவி போடவில்லை. ஆன்டெனா மட்டும் சிலோன் பக்கம் பார்த்தபடி நின்றது.

நாற்பத்தொன்றாம் நாள் தண்ணீர் வந்தது. நுரையும் வைக்கோலும் தள்ளிக்கொண்டு, பழுப்பு நிறத்தில், அவசரமே இல்லாமல். கரையில் ஓர் ஆள் இல்லை. லஸ்கர் ஷட்டரைத் தூக்கிவிட்டு அளவுகோலைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். உதட்டில் அடிபட்ட காயம் காய்ந்திருந்தது. நான் போய் நின்றேன்.

"இது எப்ப கிளம்பின தண்ணிங்க?" என்று கேட்டேன்.

"அன்னைக்கு ரேடியோல சொன்னாங்கல்ல, அன்னைக்குக் கிளம்பினதுதான். நாப்பத்தொரு நாள்." நோட்டின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். "முறை மாத்தி நிறுத்தறதையும் சேத்து நான் நாப்பதுன்னு போட்டிருந்தேன். ஒரு நாள் தப்பு."

அந்தக் காலையில், நான் கவரோடு போய் நின்ற காலையில், அந்த எண் அவரிடம் தயாராக இருந்திருக்கிறது. நான்தான் சொல்ல விடவில்லை.

"நான்தான் உங்களைச் சொல்லச் சொன்னேன்னு அண்ணன்கிட்ட சொல்லிடறேங்க."

அவர் அன்றைக்கு முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். "எப்பம்மா சொல்லப்போற?" கிண்டலாகக் கேட்கவில்லை. எல்லோரிடமும் கேட்பது போலத்தான் கேட்டார். வலது கை ஆள்காட்டி விரல் இடது உள்ளங்கையில் தயாராக நின்றது.

"சொல்றேங்க" என்றேன்.

கொஞ்ச நேரம் விரலை அப்படியே வைத்திருந்தார். பிறகு உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு ஷட்டர் பக்கம் திரும்பிவிட்டார்.

ஊரார் எழுதிய மனுவின் பேரில் அவரை வேறு எங்கோ மாற்றினார்கள். நான் காரைக்கால் போயிருந்த ஒரு நாளில் கிளம்பிப் போய்விட்டார். அந்த மனுவைத் தபாலில் சேர்த்து முத்திரை குத்தியதும் நான்தான். அதற்கப்புறம் அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

அந்த ஐப்பசியில் மழை நன்றாகப் பெய்தது. ஊரெல்லாம் நட்டார்கள். எங்கள் வயலில் தெளிக்க விதை இல்லை. நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு அண்ணனும் அண்ணியும் திருப்பூர் போனார்கள். பனியன் கம்பெனி ஒன்றில் வாட்ச்மேன் வேலை. மாதம் ஓர் இன்லாண்டு போடுவான். வாய்க்காலில் தண்ணீர் வந்ததா என்று கேட்பான். நான் பதில் எழுதுவேன். கடைசி மடிப்பில் இரண்டு வரிக்கு இடம் விட்டு எழுதி, அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, அப்படியே ஒட்டிவிடுவேன். திருப்பூருக்கு என் கடிதம் இரண்டே நாளில் போய்விடும்.

எண்பதுகள் முடிகிற சமயம் அண்ணனுக்கு நெஞ்சில் சளி கட்டிப் படுத்தான். லீவு போட்டுவிட்டுப் போனேன். ஒற்றை அறை. கயிற்றுக் கட்டிலில் எலும்பாகக் கிடந்தான். பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். ஊர்க்கதை எல்லாம் கேட்டான்.

"வயலை விட்டு வந்ததுகூட ஆறிடுச்சு. அந்த லஸ்கர் எங்கிட்ட மட்டும் ஏன் அப்படிச் சொன்னாருன்னுதான் இன்னும் புரியல. நான் அவருக்கு என்ன கெடுதல் பண்ணேன்?" என்றான்.

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் எனக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை. மாத்திரை வேளையாயிற்று என்று சொல்லிவிட்டு எழுந்து தண்ணீர் எடுக்கப் போனேன். அடுத்த வாரம் போய்விட்டான்.